வண்டியின் முதுகில் எழுதிய முகவரி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுகிற சாலையில் ஒரு வெள்ளை வேன் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் பெயிண்டில் ஒரு இணையதள முகவரி எழுதியிருக்கும். அதை எழுதிய அன்றைக்கு அப்படியொரு தளம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. இருப்பதாக ஒரே ஒருவன் நம்பினான். அவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்கள் வழியில் எங்கேயாவது உடைந்து நின்றால்தான் என் வீட்டில் அடுப்பு எரியும். “ஊர்ல எவன் வண்டி நின்னாலும் சந்தோஷப்படற ஒரே ஆளு எங்க மாமாதான்” என்று மச்சான் எல்லாரிடமும் அறிமுகம் செய்துவைப்பான். பெண் பார்க்கப் போன இடத்தில் பி.காம் படித்தேன் என்று சொன்னேன். படித்தது உண்மை. பாஸ் ஆனேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிற வழக்கம் எனக்கும் இல்லை. அதனால் அந்தக் குடும்பத்தில் இன்றுவரை நான்தான் படித்த மாப்பிள்ளை. இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். நான் அதைத் தூரமாகப் பிடித்து, தலையாட்டி, “வெச்சிட்டுப் போ, பாக்கறேன்” என்பேன்.

அப்படித்தான் ஒரு வைகாசி மாதத்தில் மச்சான் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மாமா, எனக்கு ஒரு வெப்சைட்டு வேணும்.”

“எந்த மாடல் டிராக்டருக்கு?”

“நக்கலு பண்ணாதீங்க மாமா. மெட்ராஸ்காரங்க மேகம் அருவி, பெரியார் அருவின்னு ஜாஸ்தி வராங்க. எல்லாம் நெட்டுல தேடறாங்களாம். எவனோ வெளியூர்க்காரன் வண்டி வெச்சிக்கினு வந்து நம்ம மலைய சுத்திக் காட்டிட்டுப் போறான். நான் பொறந்ததுல இருந்து ஏறி எறங்கற ரோடு. என்னிய எவனுக்கும் தெரியல.”

“உனக்கு எதுக்குடா மச்சான் வெப்சைட்டு? உன்னை நம்பி காலையில கிளம்பினவன் சாயங்காலம்தான் அருவியைப் பாக்கிறான்.”

அவனுடைய பெரிய கெட்ட பழக்கம் அதுதான், தாமதம். குடிக்க மாட்டான், சீட்டு ஆட மாட்டான், வண்டியைப் பிள்ளை மாதிரி துடைப்பான். ஆனால் போனில் யார் கூப்பிட்டாலும், “தோ வந்துகினே இருக்கேன்” என்பான். சொல்லும்போது வாயில் பல் துலக்கிய நுரை இருக்கும். என் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரோடு வரவேண்டியவன், “தோ வந்துகினே இருக்கேன்” என்று சொல்லி, நாங்கள் பந்தியைத் தொடங்கியபிறகு வந்தான். தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்தக் கூடாதே. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். பிள்ளை தூங்கியே போய்விட்டாள்.

ஆனாலும் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. கடையை அடைத்துவிட்டு இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். ஜெராக்ஸ், சாதிச் சான்றிதழ், பட்டா, ரயில் டிக்கெட் எல்லாம் அங்கேதான். அதை நடத்துகிற பெண்ணுக்கு எங்கள் இருவரையும் தெரியும். முதலில் பெயரைப் பிடிக்க வேண்டும், தளம் கட்டுவதெல்லாம் அப்புறம் என்றாள்.

மச்சான் முதலில் தன் மகள் பெயரைச் சொன்னான். தட்டிப் பார்த்தாள். யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் பொண்ணு பேர எவன் எடுத்தான்?”

“அந்தப் பேரு உங்க பொண்ணுக்கு மட்டுமாண்ணா இருக்கு? உலகத்துல எவ்ளோ பேருக்கு இருக்கும்.”

“நான் கோயில்ல வெச்சு, ஊருக்கே சோறு போட்டு வெச்ச பேரும்மா அது.”

அடுத்து குலதெய்வத்தின் பெயர். அதுவும் போயிருந்தது. “அம்மனையுமா எடுத்துட்டானுங்க?” என்று அவன் நெற்றியில் கை வைத்தான். நான் உதவி செய்ய வந்தவன் அல்லவா, ‘பஞ்சர் டிராவல்ஸ்’, ‘உருட்டு மன்னன்’ என்று எனக்குத் தெரிந்த நல்ல பெயர்களை எடுத்துக் கொடுத்தேன். ‘பஞ்சர் டிராவல்ஸ்’ காலியாக இருக்கிறது என்று அந்தப் பெண் நிஜமாகவே தட்டிப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் பட்டா வாங்க நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள்.

மச்சான் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். அப்புறம், “எல்லாரும் என்னிய இன்னா கேப்பாங்க? ‘மலைக்குப் போலாமா’ன்னுதான கேப்பாங்க. அதையே போடு” என்றான்.

மலைக்குப் போலாமா. இங்கிலீஷ் எழுத்தில் கோத்து, பின்னால் டாட் இன். தட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. யாரிடமும் இல்லாத பெயர். அவன் திரையைப் பார்த்த பார்வையை, அவன் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

“இப்பவே பதிஞ்சிடலாமாண்ணா? வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.”

“பேருக்கு வாடகையா?”

“அப்படித்தான்னு வெச்சுக்குங்க. கட்டலைன்னா கொஞ்ச நாள் பாத்துட்டு வேற யாருக்காவது குடுத்துடுவாங்க.”

“நல்ல நாள் பாத்துக்கினு வரேன்” என்றான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன். வண்டிக்கு ஆயில் மாற்றவே வளர்பிறை பார்க்கிற குடும்பம் அது.

அடுத்த வாரம் வேனைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பின்பக்கம் பளபளவென்று மஞ்சள் எழுத்து. மேலே அம்மன் துணை, நடுவில் முகவரி, கீழே போன் நம்பர். ஒரு ஓரத்தில் பெயிண்டர் தன் பங்குக்கு அருவியும் இரண்டு தென்னைமரமும் வரைந்திருந்தார். கல்வராயன் மலை அருவியில் தென்னைமரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவருக்கு அருவி என்றால் அப்படித்தான் வருமாம். எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டது.

“மச்சான், பேரு இன்னும் நம்முது ஆவலையேடா. பதியாம எழுதிட்ட.”

“வண்டியில எழுதிட்டா நம்முதுதான் மாமா. எவன் வந்து கேப்பான்?”

எங்கள் ஊரில் அது உண்மைதான். சைக்கிளில் பெயர் எழுதினால் சைக்கிள் அவனுடையது, கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டினால் பாத்திரம் அவளுடையது. இணையத்துக்கு மட்டும் வேறு சட்டம் இருக்கும் என்று அவனுக்கு ஏன் தோன்றவேண்டும்? அந்த வேன் சங்கராபுரம், திருக்கோவிலூர் என்று ஊர் ஊராக முகவரியைக் காட்டிக்கொண்டு போனது.

நாள் பார்த்துப் பார்த்து ஆனி முடிந்துகொண்டே வந்தது. ஆடியில் எங்கள் பக்கம் எதையும் தொடங்கமாட்டார்கள். ஆனியின் கடைசி நாள் மத்தியானம் அரக்கப்பரக்க வந்தான். ராகு காலம் ஓடிக்கொண்டிருந்தது. முடியட்டும் என்று சென்டர் வாசலில் நின்று டீ குடித்தோம். ராகு காலம் முடிந்தது. முடிந்த கையோடு கரண்ட் போனது. மறுபடி கரண்ட் வந்தபோது அந்தப் பெண் கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டிருந்தாள்.

“உடு மாமா. ஆவணி முதல் தேதி பாத்துக்கலாம். எங்க போயிடப் போவுது?” என்றான். அவன் ‘ங்க’ போடாமல் பேசினால் நல்ல மனநிலையில் இருக்கிறான் என்று அர்த்தம்.

ஆடியில் மலைக்கு நல்ல கூட்டம். மழை பெய்து அருவியெல்லாம் விழுந்தது. பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கு இரண்டு சவாரி முடித்து, கோமுகி அணைப் பக்கம் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து, நெஞ்சு வலிக்கிறது, வாயு பிடித்திருக்கிறது என்று சோடா வாங்கிவரச் சொன்னான். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். அவன் வேனிலேயே அவனைப் படுக்கவைத்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு விரைந்தார். பாதி வழியில் உயிர் போய்விட்டது. அவன் வாழ்நாளில் எங்கேயும் சீக்கிரமாகக் கிளம்பிப் போனது அது ஒன்றுதான்.

சாவு வீட்டிலும் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன் என்று எங்கள் உறவில் பெயர் உண்டு. அன்றைக்கும் இரண்டொருவர் என் வாயைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வருவதற்கு எதிரில் அவன் வேண்டும். நான் அடித்தால் திருப்பி அடிக்க அவன் இருந்தான். சுவரில் பந்து அடித்து விளையாடுகிறவனுக்குச் சுவரே போய்விட்டால் என்ன செய்வான்? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். நின்றேன்.

மூன்றாம் நாள் பால் தெளித்து வந்தபிறகு, மச்சானின் மனைவி என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அவள் தங்கை முறை. அவன் போன் அவள் கையில் இருந்தது.

“அண்ணா, போன் வந்துகினே கீது. வண்டி வருமா, வண்டி வருமான்னு கேக்கறாங்க. வராதுன்னு சொல்லிட்டு வெச்சிடறேன். நேத்து ஒருத்தரு கேட்டாரு, ‘வண்டி பின்னால போட்டிருக்கற வெப்சைட்டை அடிச்சுப் பாத்தேன், அப்படி ஒண்ணே இல்லன்னு வருது, டூப்ளிகேட்டா நீங்க’ன்னு.”

அவள் போனைக் கீழே வைத்தாள்.

“அவரு லேட்டா போவாரு. ஒத்துக்கறேன். யாரையும் ஏமாத்தினது இல்லண்ணா. ஊரெல்லாம் எழுதிக் காட்டிட்டுப் போயிட்டாரு. அது பொய்யாயிடக் கூடாது. அந்தப் பேர எப்படியாவது அவருக்கு வாங்கிக் குடுத்துடுங்க.”

அன்றைக்கே சென்டர் பெண்ணிடம் கேட்டேன். பெயர் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது; ஆனால் வண்டியில் எழுதியிருப்பதை எவன் வேண்டுமானாலும் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம், நாளைக்கே போகலாம் என்றாள். இப்போதே பதியச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த வீட்டில் மாமனாரைக் கேட்காமல் ஒரு துரும்பு நகராது. மகன் போன வீட்டில் அவரை மீறுவதற்கு எனக்கு மனசும் வரவில்லை. போய்க் கேட்டேன்.

மாமனார் தலை நிமிரவில்லை. “எழவு வூட்ல ஒரு வருஷத்துக்கு நல்லது ஒண்ணும் தொடங்கக் கூடாது. தெரியாதா உங்களுக்கு? படிச்சவரு.”

“தெரியுங்க மாமா.”

“அப்பறம்?”

படித்தவன் வழக்கம்போலத் தலையாட்டினேன். வெளியே வந்தேன். வேன் வேப்பமரத்தடியில் நின்றது. யாரோ சாவு மாலையில் ஒன்றை அதன் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து தினமும் ஒருமுறையாவது கடையிலிருந்து போன் போட்டு, “பேரு இருக்குதாம்மா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்பேன். “இருக்குண்ணா” என்பாள். ஐ.சி.யூ.வில் கிடக்கிறவரை விசாரிக்கிற மாதிரி. அந்த நாட்களில் ஒருவர் பேரிங் கேட்டார், நான் ஃபில்டர் எடுத்துக் கொடுத்தேன். அவரும் துக்கம் தெரிந்தவர், வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கருமாதியன்று விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போனோம். செத்தவர் பெயருக்கு ஒரு கல் நட்டு, மஞ்சள் பூசி, துணி சுற்றி, பால் ஊற்றிப் படைத்து, கடைசியில் அந்தக் கல்லைத் தண்ணீரில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். பையன் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளை செய்வான். மாமனார் விடவில்லை. “என் புள்ளைக்கு நான் நடறேன்” என்று முழங்கால் அளவு சேற்றில் குந்தி, கையால் மண்ணைத் தோண்டிக் கல்லை நட்டார். அது சாய்ந்தது. திரும்ப நட்டார். திரும்பவும் சாய்ந்தது. நான் போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உதிரிபாகம் பொருத்துகிற கை, கொஞ்சம் உதவியது.

கல்லைப் பிடித்தபடியே அவர் என்னைக் கேட்டார். “மாப்ள, அந்த கம்ப்யூட்டர்ல பேரப் பதிஞ்சா அதுல இன்னா இருக்கும்?”

“ஒண்ணும் இருக்காதுங்க மாமா. போட்டோ, வண்டி எதுவும் இல்ல. பேரு மட்டும் இருக்கும்.”

“வெறும் பேரா?”

“வெறும் பேருதான்.”

அவர் பாலை எடுத்துக் கல்லின்மேல் ஊற்றினார்.

“அப்ப அதுவும் இந்தக் கல்லு மாதிரிதான். இதுக்கு நல்ல நாளா பாத்தோம்? இன்னிக்கே நட்டுடுங்க.”

சென்டர் பெண் வேலையை ஒருவரிடம் விட்டுவிட்டு மத்தியானம் வந்தாள். கருமாதி வீட்டுக்கு லேப்டாப்போடு வந்த முதல் ஆள் எங்கள் ஊரில் அவளாகத்தான் இருக்கும். படையல் எடுத்த இடத்தில், அவன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். பங்காளிகள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். மலைக்குப் போலாமா. தட்டினாள். பச்சை டிக் விழுந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரேயடியாக மூச்சு விட்டார்கள். அதுவரை அந்த வீட்டில் அழுகையைத் தவிர வேறு சத்தம் வந்திருக்கவில்லை.

உரிமையாளர் பெயர் கேட்டது. அவன் பெயரைப் போடச் சொன்னாள் தங்கை. உயிரோடு இருக்கிறவர்கள் பெயர்தான் போடமுடியும் என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாமனார் திண்டில் சாய்ந்தபடியே, “மருமவ பேரப் போடு” என்றார். எத்தனை வருஷத்துக்கு என்று அடுத்த கேள்வி. பத்து வருஷம் போட்டுவிடலாம், தொல்லை விட்டது என்றேன் நான்.

“வேணாண்ணா” என்றாள் தங்கை. “ஒரு வருஷம் போதும். வருஷா வருஷம் போட்டுக்கலாம்.”

திவசம் போல என்று அவள் சொல்லவில்லை. எல்லாருக்கும் புரிந்தது.

உறுதிசெய்கிற எண் அவன் போனுக்கு வந்தது. வண்டியில் எழுதிய அதே நம்பர். அவள் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். குரல் உடையாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தினாள். பதிவாகிவிட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. என் மனைவி கற்பூரம் ஏற்றிப் படத்துக்குக் காட்டினாள், அப்படியே திரும்பி லேப்டாப்புக்கும் காட்டினாள். அந்தப் பெண் பதறிப்போய் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

திறந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வரியாவது இருக்கவேண்டும், இல்லையென்றால் கண்டவன் விளம்பரம் வந்து உட்காரும் என்று சொல்லி, எல்லாருக்கும் வழக்கமாகப் போடுகிற ஒரு வரியைப் போட்டாள். அப்புறம் லேப்டாப்பைத் தங்கையின் பக்கம் திருப்பினாள். வெள்ளைப் பக்கம். மேலே அவன் வைத்த பெயர். கீழே, ‘விரைவில் வருகிறோம்’.

தங்கை அதைப் படித்தாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

“பாத்தீங்களாண்ணா? செத்தும் இதையேதான் சொல்லிகினு கீறாரு.”

முதலில் என் மனைவி சிரித்தாள். பிறகு பங்காளிகள். மாமனார் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டார். அந்தத் துண்டுக்குப் பின்னால் இருந்தது சிரிப்பா வேறொன்றா என்று நான் பார்க்கவில்லை. ஒரு வினாடி அவன் அங்கே இருந்தான். பல் துலக்கிய நுரையோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. அந்த வினாடி போனதும் வீடு திரும்பவும் அழுதது. அந்த அழுகையில்தான் எனக்கும் வந்தது, அதுவரை வராதது.

வேனை விற்கவில்லை. வெள்ளிமலைக்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார். நேரத்துக்கு வருகிறார் என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். கேட்கும்போது எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வருகிறது. பின்பக்க எழுத்தை அழிக்கக் கூடாது என்பது தங்கை போட்ட ஒரே நிபந்தனை. போனில் சவாரி பேசுவது அவள்தான்.

வருஷம் திரும்பியதும் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு சென்டருக்குப் போனேன். ராகு காலம் எதுவும் பார்க்கவில்லை. புதுப்பித்த பிறகு அந்தப் பெண் கேட்டாள், “அக்கா, இப்பத்தான் வண்டி ஓடுதே. அந்த வரிய எடுத்துட்டு அருவி போட்டோ, வண்டி போட்டோ எல்லாம் போட்டுத் தரட்டுமா?”

தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டோ போடும்மா. அந்த வரி மட்டும் இருக்கட்டும்” என்றாள். “அவரு வரேன்னு சொன்னா லேட்டாத்தான் வருவாரு.”